கோழிக்கூட்டின் தானியங்கிக் கதவு: பழுதை எங்கே தேடுவது

மாலையில் மூட வேண்டிய கதவு மூடாமல் நின்றுவிட்டால் பெரும்பாலோரின் கை முதலில் மோட்டாரிடம்தான் போகும். அது சுழல்கிறதா, சூடாகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு கழற்றுவார்கள், கழற்றியதைப் பூட்ட முடியாமல் பாஸ் ஒருவரைத் தேடுவார்கள். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. மாத்தளை மாவட்டத்தில் இந்தக் கதவுகளுக்குத் தொல்லை தருபவை மழை, ஈரம், எறும்பு, இடி, மின்வெட்டு, மலை நிழல் ஆகியவை. இவற்றில் எதுவும் மோட்டாருக்குள் தொடங்குவதில்லை. கதவு ஓடும் காடி, மின்சாரம் வரும் வயர், நேரம் சொல்லும் கருவி என்ற மூன்றிடங்களில் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் கடைசியில் மோட்டாரையும் கெடுக்கின்றன. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றுபவர் இன்னொரு மோட்டார் வாங்க நேர்வதில் வியப்பில்லை. பெட்டியோடு வரும் கையேடும் இதில் அதிகம் உதவாது. இவ்வகைக் கதவுகள் பரவியது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவர்களிடையே. அதனால் உறைபனியில் காடி இறுகுவது பற்றியும் குளிரில் பட்டரி சோர்வது பற்றியும் கையேடு பேசும். வடகீழ்ப் பருவமழையில் பலகை ஊதுவதைப் பற்றி அதில் தேடிப் பயனில்லை.

எதையும் தொடுமுன் மூன்று விடயங்களை எழுதி வையுங்கள்: கதவு எந்த உயரத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்கு நின்றது, அன்று வானம் எப்படி இருந்தது. கதவு பாதியில் நின்றால் காடியிலோ மின்சாரத்திலோ குறை இருக்கிறது. அசையவே இல்லையென்றால் மின்சாரமோ நேரக் கட்டளையோ வரவில்லை. சரியாக மூடி, ஆனால் தவறான வேளையில் மூடியிருந்தால் இயந்திரம் நலமாகவே இருக்கிறது; அதற்குக் கிடைத்த நேரம்தான் தவறு. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் திருப்புளியைக் கையில் எடுப்பவர் மூன்று வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுக்கிறார். அடுத்த சோதனைக்கும் கருவி எதுவும் வேண்டாம். சுவிட்சை அணைத்து, கதவைத் தூக்கும் கயிற்றைக் கதவிலிருந்து அவிழ்த்துவிட்டு, கதவை ஒரு விரலால் மேலே தூக்கி விடுங்கள். அது தன் எடையாலேயே தடையின்றி அடி வரை இறங்க வேண்டும். வழியில் எங்காவது தங்கினால் பழுது காடியில் இருக்கிறது. மோட்டாரைப் பற்றி யோசிக்க இன்னும் வேளை வரவில்லை. தடையின்றி இறங்கினால், கயிறு தளர்ந்துவிடாமல் கையால் இலேசாக இழுத்துப் பிடித்தபடி மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். கதவில்லாமல் நன்றாகச் சுற்றி, கதவைக் கட்டியதும் திணறினால், மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை போன்ற ஈரமான பக்கங்களில் கூடு செய்பவர்கள் கைக்குக் கிடைத்த பலகையில் கதவை அறுத்து, மரக் காடியில் ஓடவிடுவார்கள். ஆகஸ்டில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். ஒக்டோபர் மழை தொடங்கி பெப்ரவரி வரை ஈரம் விடாத காலத்தில் பலகை குறுக்குவாட்டில் ஊதிக் காடியை இறுக்கிக்கொள்ளும். மலிவான கதவுகள் பலவற்றில் கதவு எல்லையைத் தொட்டதை அறிய மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையே அளக்கிறார்கள். இறுக்கம் கூடினால் மின்னோட்டமும் கூடும். கதவு அடியைத் தொட்டுவிட்டது, அல்லது எதிலோ சிக்கிக்கொண்டது என்று கருவி முடிவு செய்து பாதியில் நிறுத்திவிடும். கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. மரத்துக்குப் பதிலாக அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ போட்டு, இரு பக்கமும் 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் இந்தத் தொல்லை அடியோடு தீரும். காடிக்கு எண்ணெய் விடாதீர்கள். உமியும் மரத்தூளும் எண்ணெயில் ஒட்டிச் சாந்தாக இறுகிவிடும். காடியின் அடிப்பக்கத்தை மூடாமல் திறந்து விட்டால், கோழிகள் சீய்த்துத் தள்ளும் குப்பை தானாகக் கீழே விழுந்துவிடும். தம்புள்ளை, கலேவெல போன்ற வறண்ட பக்கங்களில் பலகை ஊதுவதை விடத் தூசிதான் பகை. அங்கே வாரம் ஒரு முறை பழைய பல்துலக்கும் பிரஷால் காடியைத் துடைத்தாலே போதும்.

கயிற்றால் இறங்கும் கதவில் இன்னொரு பழுது உண்டு. அதை அறியாதவர்கள் கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக எண்ணுவார்கள். மாலையில் கதவு இறங்கும்போது இடையில் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையை உணரும் வசதி இல்லாத மோட்டாருக்கு அது தெரியாது. கயிற்றைத் தொடர்ந்து அவிழ்க்கும். கயிறு முழுவதும் அவிழ்ந்து தளர்ந்த பிறகும் உருளை அதே திசையில் சுற்றினால், கயிறு இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். விளைவு, ‘மூடு’ என்ற கட்டளைக்குக் கதவு மேலே ஏறும். மறுநாள் காலை ‘திற’ என்றதும் கதவு மூடிக்கொள்ளும். இப்படிக் காலையும் மாலையும் இடம் மாறிய கதவைக் கண்டால் சர்க்கியூட்டைக் கழற்றாதீர்கள். உருளையில் கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். முழுவதும் அவிழ்த்து, சரியான பக்கமாகச் சுற்றி, கதவு அடியைத் தொடும்போது உருளையில் இரண்டு சுற்றுக் கயிறு மிச்சமிருக்கும்படி கட்டினால் சரியாகும். கதவு முதலில் ஏன் சிக்கியது என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும். அதற்கான பதில் முன்சொன்ன காடியில் கிடைக்கும்.

அடுத்தது மின்சாரம். வோல்ற்மீற்றரை பட்டரியில் வைத்து 12.6 காட்டுகிறது, ஆகவே பட்டரி நல்லது என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. சும்மா இருக்கும் ஈய அமிலப் பட்டரி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ற்றும் பாதியில் 12.2 வோல்ற்றும் காட்டும். ஆனால் தேய்ந்துபோன பட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணையே காட்டக்கூடும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதே உண்மையான அளவு. அதையும் இரண்டிடத்தில் அளக்க வேண்டும்: பட்டரி முனையில் ஒரு முறை, மோட்டாரின் முனையில் ஒரு முறை. பட்டரி முனையிலேயே 11 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பட்டரியின் காலம் முடிந்துவிட்டது. பட்டரியில் நன்றாக இருந்து மோட்டாரில் அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால், இடையிலுள்ள வயரோ இணைப்போ அதைத் தின்கிறது. கோழி எச்சத்திலிருந்து எழும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அதோடு மலையக ஈரமும் சேர்ந்தால் வயர் முனை பச்சை பூத்துக் கறுத்துவிடும். இதனால்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கூட்டுக்குள் வைக்கக் கூடாது. வெளிச்சுவரில், தாழ்வாரத்தின் கீழ், வயர்கள் பெட்டியின் அடியிலிருந்து நுழையும்படி வைக்க வேண்டும். வயரைப் பெட்டிக்குள் விடுமுன் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். சிறு பென்டோர்ச் பட்டரிகளால் ஓடும் கதவில் வேறொரு பொறி இருக்கிறது. நான்கு சாதாரணப் பட்டரிகள் 6 வோல்ற் தரும். அதே இடத்தில் மீள்சார்ஜ் செய்யும் பட்டரிகள் நான்கைப் போட்டால் 4.8 வோல்ற்தான் கிடைக்கும். சில கருவிகள் அதைப் பட்டரி தீர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு அசைய மறுக்கும்.

வீட்டு மின்சாரத்தில் அடப்டர் வைத்து ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒக்டோபர், நவம்பரிலும் மீண்டும் ஏப்ரலிலும் பிற்பகல் கடந்து இடி முழங்குவது இந்த மாவட்டத்தின் வழக்கம். இடி கேட்டதும் வீட்டார் மெயின் சுவிட்சை இறக்குவார்கள், ப்ளக்குகளைக் கழற்றுவார்கள். அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் அந்த வேளைதான் கதவு மூட வேண்டிய வேளை. மழை மாலைகளில் மட்டும் மூடாத கதவு என்று குறிப்பில் எழுத நேர்ந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள். மின்வெட்டின் பாதிப்பு இன்னும் நுட்பமானது. சுற்றும் வட்டில் குச்சிகளைத் தள்ளி நேரம் குறிக்கும் பழைய ப்ளக் டைமர், மின்சாரம் இல்லாதபோது நின்றுவிடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு அது மூன்று மணி நேரம் பிந்தியே இருக்கும்; மாலை 6.30க்கு மூட வேண்டிய கதவு இரவு 9.30க்கு மூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் பல மணி நேரம் இருண்டதையும் நினைத்துப் பார்த்தால், அத்தகைய டைமர் இங்கே கதவுக்குப் பொருந்தாது என்பது விளங்கும். பட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஒரு சிறிய சோலார் தகடு, தனக்கென்று பட்டரி உள்ள டிஜிட்டல் கடிகாரம் என்பதே தக்க அமைப்பு. 230 வோல்ற் வயரை எக்காரணம் கொண்டும் கூட்டுக்குள் இழுக்காதீர்கள்.

இனி நேரம். இந்த அத்தியாயத்தின் கருத்து இங்கேதான் கடைக்காரரின் கருத்தோடு மோதும். விலை கூடிய கதவுகளில் ஒளி சென்சர் இருக்கும். இருட்டினால் மூடும், வெளுத்தால் திறக்கும். அதையே நல்லதென்று விற்பார்கள். லண்டனில் அது அவசியம்தான். அங்கே ஜூனில் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். எந்த டைமரும் அதற்கு ஈடுகொடுக்க வாரந்தோறும் திருத்தப்பட வேண்டும். மாத்தளை நிலநடுக்கோட்டிலிருந்து ஏழரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 50 நிமிடம். சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் நடுவில், மாலை 5.46 அளவில், மிகப் பிந்தி மறைவது ஜூலையில், 6.29 அளவில். ஆண்டு முழுவதற்குமான ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் முடிய மாலை 6.20, ஜனவரி தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடிய 6.50 என்று இரண்டே நேரங்கள் வைத்தால் கதவு எப்போதும் சூரியன் மறைந்து 18 முதல் 50 நிமிடத்துக்குள் மூடிவிடும். காலைக்கு 6.45 என்ற ஒரே நேரம் ஆண்டு முழுவதும் போதும். சூரியன் மிகப் பிந்தி எழும் ஜனவரி இறுதியிலும் அதற்குள் நன்றாக வெளுத்திருக்கும். தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதற்குள் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கலாம். காலையில் கூட்டைத் திறந்துவிட ஆளில்லாத அந்த இடைவெளிக்காகத்தான் பலர் இந்தக் கதவையே வாங்குகிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோழி கடிகாரத்தைப் பார்த்துக் கூடு அடைவதில்லை, வெளிச்சத்தைப் பார்த்து அடைகிறது. ரிவர்ஸ்டன் பக்கம் பனிமூட்டம் இறங்கினாலோ மேற்கே மலை மறைத்தாலோ கோழிகள் முந்தியே உள்ளே போய்விடும். அப்படியானால் கோழியைப் போலவே வெளிச்சத்தைப் பின்பற்றும் சென்சர்தானே சரி என்பார்கள். முதற்பாதி உண்மை. ஆனால் இரண்டு பிழைகளின் விலை ஒன்றல்ல. கோழிகள் முந்தி அடைந்து கதவு அரை மணி பிந்தி மூடினால் அந்த அரை மணி நேரத்துக்கு ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கோழிகள் அடையுமுன் கதவு மூடிவிட்டாலோ, வெளியே நின்றவை மரக்கிளையிலோ கூரையிலோ இரவு முழுவதும் மரநாய்க்குக் கிடைக்கும். கோழிக்கு இருட்டில் பார்வை மிகக் குறைவு, இறங்கித் தப்பவும் முடியாது. சென்சர் செய்யும் பிழை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. திறந்த வெளியில் வைத்த சுத்தமான சென்சர் புயல் மேகத்தையும் அந்தியையும் வேறுபடுத்தி அறியும். ஆனால் இங்கே கூடு நிற்பது பலா நிழலிலும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையிலும்; சென்சர் இருப்பது தாழ்வாரத்தின் கீழ், பாசியும் தூசியும் படிந்து. பிற்பகல் மூன்று மணிக்குக் கருமேகம் திரண்டால் அதற்கு அந்தியாகிவிடும். எதிர்ப்பிழையும் உண்டு: முற்றத்து மின்குமிழ் சென்சரில் பட்டால் அது விடியவிடியக் காத்திருக்கும். அதனால் சென்சர் மட்டுமே உள்ள கதவை ஏற்கனவே வாங்கியவர்கள் அதைக் கூரை விளிம்புக்கு வெளியே, விளக்கு படாத பக்கமாக, திறந்த வானத்தை நோக்கித் திருப்பி, மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். டைமரும் சென்சரும் சேர்ந்த கதவானால், குறித்த நேரத்துக்கு முன் மூடாதபடி வைக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அதை இயக்கிவிடுங்கள்.

கடிகாரத்தையும் கண்மூடி நம்ப வேண்டாம். உள்ளூரில் யாராவது ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையை வைத்துச் செய்து தந்த கதவாக இருந்தால் அதற்குள் ஒரு சிறு கடிகாரச் சில்லு இருக்கும். டிஎஸ்1307 வகையானால் மாதம் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ விலகும். டிஎஸ்3231 வகையானால் ஆண்டுக்கே ஒரு நிமிட அளவுதான். இரண்டுக்கும் நாணயம் போன்ற ஒரு தட்டைப் பட்டரி உயிர் கொடுக்கிறது. அது தீர்ந்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் நேரம் அழிந்துவிடும். ஊரின் இடத்தைக் குறித்தால் சூரிய நேரத்தைத் தானே கணக்கிடும் கருவிகளில் இரண்டைச் சரிபாருங்கள். நமது நேரம் கிரீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் முந்தியது. முழு மணிகளை மட்டும் ஏற்கும் கருவியில் 5 என்றோ 6 என்றோ கொடுத்தால் கதவு எப்போதும் அரை மணி தவறும். கோடைக்கால நேர மாற்றம் என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் மார்ச் இறுதியில் கதவு திடீரென்று ஒரு மணி நேரம் மாறிப்போகும். தவறு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அது அமைப்பில் உள்ள தவறு. நாளுக்கு நாள் கூடினால் கடிகாரத்தின் தவறு. மழை நாளில் மட்டும் வந்தால் சென்சரின் தவறு.

பெட்டிக்குள் குடியேறுபவற்றைப் பற்றிச் சுருக்கமாக. இளஞ்சூடான, உலர்ந்த, இருட்டான பெட்டியை எறும்பு விடாது. ரிலேயின் முனைகளுக்கிடையே எறும்பு நசுங்கினால் இணைப்பு விடும். பல்லி முட்டையிடும். மண்குளவி எல்லைச் சுவிட்சின் இடுக்கில் கூடு கட்டி அதை அசையவிடாமல் செய்துவிடும்; அப்படியானால் கதவு எல்லையைத் தாண்டியும் மோட்டார் ஓடி கயிறு அறும். வயர் நுழையும் துளைகளை சிலிக்கனால் அடைத்து, நீர் வடியும் துளைக்கு மெல்லிய வலை வைத்தால் இவை பெரும்பாலும் தீரும். காந்தத்தால் எல்லையை அறியும் கதவில், காந்தம் சுவிட்சிலிருந்து விரற்கடை விலகினாலும் அது உணராது. பலகை வளைந்த பிறகு இது அடிக்கடி நேரும்.

மலிவான சீனப் பொருள் வாங்கினால் இப்படித்தான், நல்ல விலைக்கு வாங்கியிருந்தால் இந்த அத்தியாயமே தேவையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். மோட்டாரின் ஆயுளைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் ஊதிய பலகை, கறுத்த வயர், நிழலில் வைத்த சென்சர் எதுவும் விலையைப் பார்ப்பதில்லை. விலையைக் கூட்டி வாங்கத்தக்கது ஒன்றே: மூடிய கதவைக் கீழிருந்து தூக்க முடியாதபடி பூட்டும் அமைப்பு. கயிற்றில் தொங்கும் இலேசான தகட்டை நாயோ மரநாயோ மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். கம்பித் தண்டால் தள்ளி மூடும் கதவையும் கயிறின்றிப் புழு பற்சக்கரத்தால் ஓடும் கதவையும் தூக்க முடியாது. கயிற்றுக் கதவே இருந்தால், அடியில் ஒரு மரச்சட்டம் அடித்து, தகட்டின் கீழ்விளிம்பு அதன் பின்னே இறங்கி மறையும்படி செய்யுங்கள். மூக்கு வைக்க இடமிராது. சாரைப்பாம்பு நுழையாதிருக்க ஓர விளிம்புகளில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கீரி பகலில் வரும். அதற்குக் கதவு தீர்வாகாது, வேலிதான் தீர்வு. கையால் மூடுவதே நல்லது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மாலையில் தவறாமல் வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை. தோட்ட வேலையும் பஸ் பயணமும் கோயில் திருவிழாவும் உள்ள வீட்டில் தவறும் மாலைகளுக்காக இது வேண்டும். அப்போதும் இருட்டிய பிறகு டோர்ச் அடித்து ஒரு முறை கோழிகளை எண்ணும் வழக்கத்தை விடக் கூடாது. கதவு மூடியிருப்பதும் கோழிகள் உள்ளே இருப்பதும் வேறுவேறு.

பழுது பார்த்து முடிந்ததும் பகலிலேயே கதவைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். ஈரத்தில் எப்படி ஓடுகிறது என்று அறியக் காடியில் தண்ணீர் தெளித்து மீண்டும் ஓட்டுங்கள். இறங்கும் கதவின் கீழே உங்கள் கையை வைத்துப் பாருங்கள். வலிக்குமானால் குஞ்சு தாங்காது. எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தடை பட்டதும் மேலேறும் ஏற்பாட்டைச் சரிசெய்ய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது போல நாட்கணக்கில் வெயிலும் மின்சாரமும் இல்லாமல் போனால் எந்தப் பட்டரியும் சோர்ந்துவிடும். அதற்காகக் கதவிலும் சட்டத்திலும் நேருக்கு நேர் ஒரு துளையிட்டு, குறுக்கே செருகிப் பூட்ட ஒரு தடித்த ஆணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆணியைச் செருகும்போது கருவியின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும்; இல்லையேல் மின்சாரம் திரும்பிய காலையில் மோட்டார் பூட்டிய கதவை இழுத்துப் பற்சக்கரத்தை உடைத்துக்கொள்ளும்.